இதோ ஏத்திட்டேன்

1

நெதர்லாந்தில் பிறந்த நாள் வந்தாலும் வேலையில் சேர்ந்த நாள் வந்தாலும், கொண்டாட வேண்டியவரே கேக் வாங்கிக்கொண்டு போய் ஆபீசில் எல்லோருக்கும் வெட்டித் தர வேண்டும். வேறு நாடுகளிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். நான் ஆரணிக்காரி. "இன்னாடி, ட்ரீட் எங்க?" என்று பிடுங்கித் தின்னும் கும்பலில் வளர்ந்தவள். இந்த நாட்டில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராத ஒரே வழக்கம் இதுதான்.

நான் இந்த உத்ரெக்ட் நகரத்துக்கு வந்து மூன்று வருடம் நிறைந்த அன்று, இரண்டு ஆப்பிள் கேக்குகளைச் சைக்கிள் கூடையில் வைத்து, மழையில், ஒரு கையால் பெட்டியின் மூடியை அமுக்கிப் பிடித்தபடி ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மனசு கேக்கில் இல்லை. அன்று காலை இங்கே பத்து மணிக்கு என் சிநேகிதி கௌசல்யா, ஆரணியில் தன் அறையில் உட்கார்ந்தபடி, எங்கள் கம்பெனிக்கு முதல் ரிலீஸ் செய்யப்போகிறாள்.

கௌசியும் நானும் இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரே கம்ப்யூட்டரைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள். நான் வேலை கிடைத்து இங்கே வந்தேன். அவள் ஊரிலேயே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜரிகைக் கடைக்கு மேலே மாடியறை பிடித்துச் சின்னதாக ஒரு கம்பெனி போட்டாள். முதல் வாடிக்கையாளர் ஒரு பட்டு முதலாளி. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் எந்த வீட்டுத் தறியில் எந்தப் புடவை எத்தனை முழம் இறங்கியிருக்கிறது என்று தன் போனிலேயே அவர் பார்த்துக்கொள்ளும்படி ஒரு வெப் அப்ளிகேஷன் செய்து தந்தாள். அழகாக ஓடுகிறது. ஆனால் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இரண்டு பேரை வைத்து மூன்று பேர் சாப்பிட முடியாது. எங்கள் கம்பெனிக்காக இந்தச் சோதனை வேலையை ஒழுங்காக முடித்தால் அவர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம். இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு திசையாகச் சென்னைக்குப் போவதாகப் பேசி வைத்திருந்தார்கள்.

கேக் பெட்டியின் மூடி பறந்துவிட்டது. கேக் பிழைத்தது.

2

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

நாங்கள் செய்வது குளிர்பதனக் கிடங்குகளுக்கான ஒரு வெப் அப்ளிகேஷன். எந்த லாரி எத்தனை மணிக்கு எந்த வாசலுக்கு வரவேண்டும் என்று அது நேரம் ஒதுக்கும். டிரைவர் போனில் பக்கத்தைத் திறந்து, தன் எண்ணைப் போட்டால் கேட் திறக்கும். சொல்ல எளிது. உள்ளே பல வருடங்களாகப் பலர் எழுதிக் குவித்த நிரல் கிடக்கிறது.

அந்த நிரலை எழுதுவது, தவறு பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது, கடைசியில் கொண்டுபோய் வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றுவது (இதுதான் ரிலீஸ்) எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் நடக்கும் மென்பொருளுக்கு ஐடிஇ என்று பெயர். தையல்காரருக்குக் கத்தரி, நாடா, மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல. இதற்குத் தமிழில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நிரல் ஒரு தடவை ஓடி முடிந்துவிடும். கல்லூரியில் முதன்முதலில் இதைத் திறந்த நாள் நினைவிருக்கிறது. தப்பான சொல்லை நான் அடித்து முடிப்பதற்குள் அதற்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது. "இது நம்ம எச்சோடியவிட ஜல்தியா கீதுடி" என்றாள் கௌசி, எங்கள் துறைத் தலைவரை நினைத்து. அன்றே நான் விழுந்துவிட்டேன். சிலருக்குச் சினிமா, சிலருக்குக் கிரிக்கெட். எனக்கு ஐடிஇ.

இங்கே வேலையில் சேர்ந்தபோது என் உற்சாகத்துக்குச் சோதனை வைத்தார்கள். அவர்களுடைய ஐடிஇ பழையது, கனமானது. புதிதாக வருகிறவரின் கம்ப்யூட்டரில் அதை நிறுவி, சர்வரோடு இணைத்து, ஒரு "வணக்கம்" பக்கம் வரவைப்பதற்கே ஒரு முழு நாள் போய்விடும். ஒருவர் கம்ப்யூட்டரில் ஓடுவது இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஓடாது. "என்கிட்ட ஓடுதே" என்பது இந்த நாட்டு மொழியிலும் அன்றாடம் கேட்கும் வாக்கியம்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. பிரவுசரிலேயே திறக்கும் புது வகை ஐடிஇ ஒன்றைக் கொண்டுவரலாம் என்று நச்சரித்தேன். அதில் பட்டறை முழுக்க எங்கோ தூரத்து சர்வரில் தயாராக இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் வெறும் ஜன்னல். யார் திறந்தாலும் அதே கருவிகள், அதே அமைப்பு. எழுதி முடித்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் அது தானே சோதித்து, தானே மூட்டையாகக் கட்டி, தானே ஏற்றிவிடும். முழுதாக ஏறக் கால் மணி நேரம்போல ஆகும்.

என் டீம் தலைவர் ருபென் மெதுவாகத்தான் சம்மதித்தார். நல்ல மனிதர், பேச்சில் சிக்கனம், உயரத்தில் தாராளம். பெயரை முதலில் கேட்டபோது கௌசி, "ரூபனா? தமிழாடி? யாழ்ப்பாணமா?" என்றாள். "வெள்ளைக்காரன்டி, கதவுல தலை இடிக்கும்" என்றேன். அவளுக்கு அவர் இன்றுவரை ரூபன் சார்தான்.

பட்டறை பிரவுசரில் இருக்கிறது என்றால், அதை உத்ரெக்டிலிருந்து திறந்தால் என்ன, ஆரணியிலிருந்து திறந்தால் என்ன? இந்தக் கேள்வியை ருபெனிடம் போட்டது நான்தான். எங்கள் நிரலைத் தொடாமல், ஒரு மாதிரி நிரலை வைத்து அவர் ஒரு சோதனை கேட்டார். கௌசி வேலை செய்யும்போது ஆரணியில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, வைஃபை நின்றது. போனிலிருந்து இணைப்பு எடுத்து மறுபடி திறந்தாள். தூரத்து சர்வரில் வேலை பாதியில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ருபென் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவம்தான் கையெழுத்து என்று வைத்துக்கொண்டேன்.

3

கையெழுத்து அத்தனை சுலபமில்லை. வெளியாள் நம் சர்வருக்குள் வரவேண்டுமானால் பாதுகாப்புப் பிரிவில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அதில் கதவு எண் என்று ஒரு கட்டம். கௌசி வழக்கம்போல, பழைய எண் பதினான்கு, புதிய எண் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தாள். நம் ஊரில் யாருக்கு இது புதிது?

பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மணி கூப்பிட்டார்.

"இந்த இரண்டில் எது உண்மையான எண்?"

"இரண்டும்."

"இரண்டு கட்டடமா?"

"ஒரே கட்டடம்."

"அப்படியானால் பழைய எண் இப்போது செல்லாது, இல்லையா?"

"செல்லும். தபால்காரர் பழைய எண்ணைத்தான் பார்ப்பார்."

"பிறகு புதிய எண் எதற்கு?"

எனக்கே தெரியவில்லை. கௌசியைக் கேட்டேன். "கரண்ட் பில்லுக்கு" என்றாள். அப்படியே சொன்னேன். அம்மணி அதையும் குறித்துக்கொண்டு போனை வைத்தார். நாலு வாரம் கழித்து அனுமதி வந்தது, பதினான்கையும் முப்பத்தொன்றையும் சேர்த்து 1431 என்று போட்டு. நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

4

இனி அந்தக் காலை.

மீட்டிங் அறையில் ருபெனும் நானும். திரையில் கௌசி, அவள் தோளுக்குப் பின்னால் ஜரிகைக் கடைக் காலண்டர். கேக் பக்கத்து அறையில் காத்திருந்தது. அன்று ஏற வேண்டியது ஒரு புதுப் பக்கம்: டிரைவர்கள் புது வகை எண்ணைப் போட்டு உள்ளே வரவேண்டும். ஏறியதும் ருபென் கிடங்கு மேற்பார்வையாளர்களுக்குச் செய்தி அனுப்புவார், அவர்கள் டிரைவர்களுக்குப் புது எண் தருவார்கள். எல்லாச் சோதனையும் முடிந்து பச்சை விளக்கு எரிந்தது. கௌசியின் கை மவுஸில்.

ருபென் கேட்டார், ஆங்கிலத்தில்: "கௌசல்யா, ரெடி?"

"யெஸ் யெஸ். டிப்ளாய்ட், டிப்ளாய்ட்" என்றாள் கௌசி, சிரித்தபடி. ஏற்றியாகிவிட்டது என்று அர்த்தம்.

ருபென் செய்தியை அனுப்பினார். நான் கேக் கத்தியை எடுக்க எழுந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடித்தது. பிறகு இன்னொன்று. டிரைவர்கள் புது எண்ணைப் போடுகிறார்கள், பக்கம் ஏற்க மாட்டேன் என்கிறது, கேட் திறக்கவில்லை, லாரிகள் வரிசையில் நிற்கின்றன, கடைசி லாரியின் வால் மெயின் ரோட்டில் இருக்கிறது. ருபென் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பழைய பக்கம்தான் இருந்தது.

"கௌசல்யா, இது ஏறவில்லையே."

"ஏறிக்கினு இருக்கு சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பதறி, "கோயிங், சார், கோயிங்" என்றாள்.

இன்னும் சில நிமிடங்களில் புதுப் பக்கம் வந்தது. கேட் திறந்தது. லாரிகள் போயின. நம் ஊர் ரயில்வே கேட்டில் நிற்கும் வரிசையோடு ஒப்பிட்டால் அது வரிசையே இல்லை. எந்தச் சரக்கும் கெடவில்லை. ருபென் போனைக் கீழே வைத்துவிட்டு ஐடிஇயின் பதிவைத் திறந்தார். எந்தப் பட்டன் எந்த நொடியில் அழுத்தப்பட்டது என்று அது எழுதி வைக்கும். மீட்டிங் பதிவோடு அதை ஒப்பிட்டார். திரையை என் பக்கம் திருப்பினார்.

அவள் "டிப்ளாய்ட்" என்று சொன்னதற்குப் பிறகுதான் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது.

இணைப்பைத் துண்டித்துவிட்டு அவர் சொன்னார்: "தவறு நடக்கலாம். நானே செய்திருக்கிறேன். செய்யாததைச் செய்தேன் என்று ஒருவர் சொன்னால் நான் அவரோடு எப்படி ரிலீஸ் செய்வது? வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறேன்."

என் கேக்கை எல்லோரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள்.

5

வெளியே வந்து கௌசியைக் கூப்பிட்டேன்.

"இன்னாடி இந்தாளு?" என்றாள். "சொன்னேன், ஒடனே அமுக்கிட்டேன். நடுவுல ஒரு மூச்சு கூட விடல. இதுக்குப் போயி பேஜார் பண்றாரு."

"டிப்ளாய்டுன்னு ஏன்டி சொன்ன?"

"பின்ன இன்னா சொல்றது? 'இதோ ஏத்திட்டேன்'னு சொல்ல மாட்டியா நீ?"

சொல்வேன். அதுதான் விஷயம். நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கை மவுஸில் இருந்ததைப் பார்த்தேன், அவள் சொன்னதைக் கேட்டேன், எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்போம், இன்னும் எழுந்திருக்கவே மாட்டோம். "இதோ முடிச்சிட்டேன்" என்றால் ஆரம்பிக்கப்போகிறோம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பேசினாலும் அந்த இறந்த காலம் எங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. நிரலில் ஒரு புள்ளி தவறினால் சிவப்புக் கோடு போடும் ஐடிஇ, வாயால் சொன்னதற்கு அடியில் ஒன்றும் போடவில்லை.

கௌசியின் அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். பட்டு மூட்டைகளை பஸ் பார்சலுக்குக் கொண்டுபோவார். கல்லூரி விடுமுறையில் அவளோடு நானும் அந்த ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். "ஏத்தியாச்சாப்பா?" என்று அவர் முன்னாலிருந்து கத்துவார். கடைசி மூட்டையை இன்னும் தலையில் வைத்திருக்கும் லோடுமேன், "ஏத்தியாச்சிண்ணா, வண்டிய எடு" என்பார். அவர் சாவி போட்டு, இன்ஜின் இரண்டு தடவை இருமி, கிளம்பத் தயாராவதற்குள் மூட்டை உள்ளே இருக்கும். இரண்டு பேருக்கும் கணக்குத் தெரியும். அங்கே யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இதை ருபெனிடம் போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். புரிந்துகொள்ளாதது அவர் பிழை என்ற வீராப்பு எனக்குள் நன்றாக ஏறியிருந்தது.

6

மிஞ்சிய கேக்கை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடிக்குப் போனேன். அங்கே செல்வி அக்கா இருக்கிறார், போளூர்க்காரர். அவருடைய மகள் மீரா இந்த நாட்டிலேயே பிறந்தவள், ஐந்து வயது. கதவு திறந்திருந்தது. மீரா சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அம்மா எங்கடா?"

"வந்துட்டேன்னு சொன்னாங்க."

"அப்ப வந்துடுவாங்க."

"இல்ல. வந்துட்டேன்னு சொன்னாங்க. ஆனா வரல." முகத்தில் ஒரு நீதிபதியின் தோரணை. "அம்மா பொய் சொல்றாங்க."

உள்ளேயிருந்து செல்வி அக்காவின் குரல்: "இதோ வந்துட்டேன் கண்ணு! அப்பனாட்டம் ஜல்தி ஜல்தின்னுகினு…"

மீரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தியா? இப்பவும்."

நான் சிரித்தேன். செல்வி அக்கா தலையைத் துவட்டியபடி வந்து, "இவளுக்கு எல்லாத்துக்கும் சண்டைதான். போன வாரம், 'சோறு ஆயிடுச்சு'ன்னேன். குக்கரத் தொறந்து பாத்துட்டு, ஆவலன்னு பஞ்சாயத்து வெச்சா" என்றார்.

பிள்ளைகள் தமிழை விட்டுப் போய்விட்டார்கள் என்று இங்கே கூடும் ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் யாராவது மைக் பிடித்து வருத்தப்படுவார்கள். மீரா தமிழை விடவில்லை. அவளுக்கு எல்லாச் சொல்லும் தெரியும், ழகரம்கூட வரும். வந்துவிட்டேன் என்றால் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாள், அவ்வளவுதான். நம் வீட்டிலேயே வளர்கிற, நம்மை நேசிக்கிற ஒரு குழந்தைக்கே அது பொய்யாகக் கேட்கிறது என்றால், ருபென் கேட்டதும் அதுதானே? படியிறங்கும்போது என் வீராப்பு பாதி இறங்கியிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன். மறுநாள் பேச அது வேண்டியிருந்தது.

7

மறுநாள் ருபெனைப் பிடித்து வெள்ளைப் பலகை முன்னால் உட்காரவைத்தேன். "வந்துட்டேன்" என்று தமிழில் எழுதினேன். பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினேன். இது இறந்த காலம், ஆனால் சொல்கிறவர் இன்னும் நாற்காலியில் இருக்கிறார். அவருக்குத் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். செய்யப்போவது அவ்வளவு உறுதி என்பதால் செய்ததாகவே சொல்கிறோம். அது எங்களுக்கு வாக்கு.

அவர் அந்தச் சொல்லின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது" என்றார். "ஆனால் கேட் வாக்குக்குத் திறக்காது."

"தெரியும். அவள் பொய் சொன்னாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்."

"இல்லை" என்றார் உடனே. "சொல்லவில்லை. அதை நான் திரும்பப் பெறுகிறேன்." பிறகு யோசித்து, "ஒப்பந்தத்துக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை. ரிலீஸ் நேரத்தில் எப்போதும் நீ இருக்க வேண்டும். அவள் உன்னிடம் சொல்லட்டும், நீ என்னிடம் சொல். உனக்கு இரண்டு பக்கமும் தெரியும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பந்தமும் பிழைத்தது, நான் இல்லாமல் காரியம் ஆகாது என்றும் ஆகிவிட்டது. வராந்தாவிலேயே நின்று கௌசிக்குப் போன் போட்டேன். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"வேணாம்" என்றாள்.

"இன்னாடி வேணாம்? ஒரு வருஷம்டி!"

"நீ லீவு போட்டா? நீ வேற கம்பெனி மாறிட்டா? அன்னிக்கி எங்க ஆபீசு வாய மூடிகினு உக்காந்திருக்கணுமா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கையெழுத்துப் போடு."

"ஆளு வெச்சிப் பேசறதுக்கு நான் இன்னா மந்திரியா? நான் சொன்னது அவருக்குத் தப்பா கேட்டுதுன்னா, எப்படிச் சொல்லணும்னு நான் கத்துக்கறேன். நிரலு தப்பா போனா நீயா வந்து திருத்தற? நான்தான திருத்தறேன். இதுவும் அப்டிதான்."

"கௌசி, இந்த ஆளு சரின்னு சொன்னதே பெரிசு. அதக் கெடுத்துக்காத."

"கெட்டா எங்களுக்குத்தான் கெடும். வெள்ளன சென்னை பஸ்ஸப் புடிச்சிட்டுப் போறோம், அவ்ளோதான?" குரலை இறக்கினாள். "கோச்சிக்காதடி. நீதான் கொண்டாந்து சேத்த, இல்லன்னு சொல்லல. ஆனா நான் பேசறேன். அவராண்ட சொல்லு, இன்னொரு ரிலீசு. நீ அந்த மீட்டிங்குக்கு வராத. அப்பறம், அன்னிக்கி பேசின ரெக்கார்டிங்க மட்டும் எனக்கு அனுப்பு."

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்காது, ஆனால் வந்தது. மூன்று வருடமாக இரண்டு பக்கத்தையும் சுமந்துகொண்டு நிற்கிறேன், என்னை ஒதுங்கச் சொல்கிறாள். கோபத்தோடேயே ருபெனிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"இதிலும் சரிவரவில்லை என்றால் நிறுத்திக்கொள்கிறோம். அவளுக்கு அது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"சரி, செவ்வாய்க்கிழமை" என்றார்.

8

செவ்வாய்க்கிழமை காலை நான் காபி மெஷின் பக்கம் நின்றேன். மீட்டிங் அறைக்குக் கண்ணாடிச் சுவர். பார்க்கலாம், கேட்க முடியாது. ருபெனின் முதுகும், அவருக்கு முன்னால் திரையில் கௌசியின் முகமும் தெரிந்தன. பொட்டு கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தாள். தேர்வு நாட்களில் அப்படித்தான் வைப்பாள்.

ருபென் ஏதோ கேட்டார். கௌசி பதில் சொல்லாமல் திருப்பி ஏதோ கேட்டாள். ருபென் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஒரு கையை உயர்த்தினார், இறக்கினார். மறுபடி ஏதோ சொன்னார். கௌசி தலையசைத்து, குனிந்து, அழுத்தினாள்.

பிறகு இருவரும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

போனில் கிடங்கின் பக்கத்தைத் திறந்தேன். பழையது. மறுபடி திறந்தேன், பழையது. கட்டும், சோதிக்கும், ஏற்றும், எனக்குத் தெரியாததா? ஆனாலும் கட்டைவிரல் நிற்கவில்லை. இரண்டு காபி ஆறிப்போனது. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்க ஒரு சாக்கு கிடைக்குமா என்று யோசித்தேன். சர்க்கரைப் பொட்டலம் உள்ளேதான் இருந்தது. போகவில்லை.

புதுப் பக்கம் என் போனில் வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். ருபென் செய்தி அனுப்பவில்லை. கௌசியும் வாயைத் திறக்கவில்லை. ஏறிவிட்டதே, சொல்லேன்டி! நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினால்கூட அவளுக்குத் தெரியாது. அவள் கண் திரையில் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கிறாள். போனை எடுத்து அதிலும் பார்த்தாள். யாரையோ கூப்பிட்டு அவர் போனிலும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு சொல். ருபென் அனுப்பினார்.

எந்தப் போனும் அடிக்கவில்லை.

அவர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, அவரே பேச ஆரம்பித்தார்.

"உன் சிநேகிதி என்னைத் திருத்தினாள்."

"என்ன சொன்னாள்?"

"'ரெடி?' என்று கேட்டேன். 'சார், ஆரம்பிக்க ரெடியா என்று கேட்கிறீர்களா, முடிந்து ரெடியா என்று கேட்கிறீர்களா?' என்றாள். போன தடவை ரெக்கார்டிங்கைக் கேட்டாளாம். சோதனையை ஆரம்பிக்கலாமா என்பதற்கும் ரெடி என்றேனாம், சோதனை முடிந்ததா என்பதற்கும் ரெடி என்றேனாம்." காதோரம் சொறிந்துகொண்டார். "உண்மைதான். எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். க்ளார். தயார் என்றாலும் அதுதான், முடிந்தது என்றாலும் அதுதான். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறேன். இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை."

மூன்று வருடமாக அந்த 'ரெடி'யை நாள் முழுக்கக் கேட்டவள் நான். எந்த ரெடிக்கு எது பொருள் என்று எனக்கு எப்போதோ பழகிவிட்டது. பழகிய பிறகு அது என் காதில் விழவே இல்லை.

"இனி என்ன கேட்பீர்கள்?" என்றேன்.

"'ஆரம்பிக்கலாமா' என்று ஒரு கேள்வி, 'நீ கண்ணால் பார்த்தாயா' என்று ஒரு கேள்வி. அவள்தான் எழுதிக் கொடுத்தாள்." காபி மெஷினில் கோப்பையை வைத்தார். "ஒப்பந்தம் மதியம் போகிறது. இனி வரும் ரிலீஸ் மீட்டிங்குகளிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுகிறேன். உனக்கு நேரம் மிச்சம்."

மதியம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கௌசியைக் கூப்பிட்டேன். நாலு தடவை அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி, மெயில் வந்துச்சா?"

"வந்துச்சி வந்துச்சி. மூணு பேரும் ஒக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சிகினு கீறோம். ரூபன் சாருக்கு நாலு கேள்வி அனுப்பணும். நீ அப்பறம் கூப்புடு" என்று வைத்துவிட்டாள்.